வரிசையின் கடைசியில்

தாரமங்கலம் மேட்டில் ஏற முடியாமல் பஸ் மறுபடியும் நின்றுவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க! கொஞ்சம் தள்ளி விடுங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

அது போர் நடந்துகொண்டிருந்த காலம். பஸ்களுக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. அதனால் பஸ்ஸின் பின்புறம் உயரமான இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பஸ் இருமும். பிறகு நின்றுவிடும்.

பாப்பாயியும் சாரதாமணியும் ரங்கனும் இறங்கித் தள்ளினார்கள். மூவரும் ஜலகண்டாபுரம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. மூவருக்கும் நல்ல குரல். போருக்குப் பணம் திரட்ட சேலத்தில் ஒரு விழா நடக்கிறது. அதில் பாடுவதற்காக சண்முகவேல் வாத்தியார் அவர்களை அழைத்துக்கொண்டு போனார். பாடி முடித்ததும் ஓட்டலில் சாப்பாடு போடுவதாக விழாக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

"சார், ஓட்டல்ல எத்தனை தோசை வேணும்னாலும் கேக்கலாமுங்களா?" என்றான் ரங்கன்.

"மொதல்ல பஸ்ஸைத் தள்ளுடா" என்றார் வாத்தியார்.

ரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். பாப்பாயியும் தள்ளினாள். ஆனால் அவள் கையில் வலுவே இல்லை. காலையில் அம்மா கொடுத்த களி உருண்டையை அவள் தன் தம்பியின் தட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். "எனக்குத்தான் ஓட்டல்ல போடுவாங்களே" என்று சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் தெருவில் எல்லோரும் நெசவாளிகள். சில மாதங்களாக நூல் வரவில்லை. விடிந்ததும் தொடங்கும் தறிச் சத்தம் நின்றுபோய்விட்டது. சத்தம் நின்றதும் அடுப்புகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. எதிர் வீட்டுக்காரர்கள் தறிக் கட்டைகளை விறகாக விற்றுவிட்டு, எங்கே போகிறோம் என்று சொல்லாமலேயே போய்விட்டார்கள்.

சாரதாமணியின் அப்பா மருதாசலமும் ஆடி மாதம் வேலை தேடிச் சேலத்துக்குப் போனார். பஞ்சு மில்லில் சேர்ந்துவிட்டதாக ஒரு லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஆனால் சாரதாமணிக்கு அதுவே போதுமாக இருந்தது. "எங்கப்பா தெனமும் ஓட்டல்லதான் சாப்புடறாரு. காலையில காப்பி, ராத்திரி தோசை" என்று எல்லோரிடமும் சொல்லுவாள்.

பஸ் ஒருவழியாக மேட்டில் ஏறியது.

*

விழா கோட்டைப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. பெரிய பந்தல், வரிசை வரிசையாக நாற்காலிகள். மாலை போட்டுக்கொண்ட பெரிய மனிதர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் பாடினார்கள். சாரதாமணியின் குரல் மேலே போனபோது பாப்பாயிக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கூட்டம் முடிந்தது. கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஆட்கள் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாடு போடுவதாகச் சொன்னவரைக் காணவே இல்லை.

வாத்தியாருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "இந்த மரத்தடியில இருங்க. அவரு ஊட்டுக்கே போய்ப் பார்த்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் ஏறியது. மரத்தின் நிழல் சுருங்கியது. வாத்தியார் வரவில்லை.

எதிரில் ஓர் ஓட்டல் இருந்தது. நெய் வாசனை தெருவைத் தாண்டி வந்தது. ரங்கன் எழுந்து போய், வாசலில் மாட்டியிருந்த பலகையை வகுப்பில் பாடம் படிப்பது போலச் சத்தமாகப் படித்தான்.

"இட்டிலி. தோசை. பொங்கல். வடை."

"அதைப் படிச்சாப் பசி போயிருமா?" என்றாள் சாரதாமணி.

"போகாது. ஆனா வாத்தியார் இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு. தப்பே இல்லாமப் படிச்சேன்."

அவர்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து ஒருவர் ஈரத் துணியோடு வந்தார். "வாசலை அடைச்சிட்டு நிக்காதீங்க. போங்க, போங்க" என்று கையை வீசினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"நாம எங்கப்பாகிட்டப் போலாம்" என்றாள் சாரதாமணி. "மில்லு எங்கேன்னு கேட்டாச் சொல்லுவாங்க. எங்கப்பா நம்ம மூணு பேரையும் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போவாரு."

"சார் இங்கயே இருக்கச் சொன்னாரே" என்றான் ரங்கன்.

பாப்பாயி யோசித்தாள். பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போனாள். "அக்கா, எங்க வாத்தியார் வருவாருங்க. கண்ணாடி போட்டிருப்பாரு, கையில கொடை வெச்சிருப்பாரு. நாங்க பஞ்சு மில்லுக்குப் போயிருக்கோம்னு சொல்லிடறீங்களா?"

"சொல்றேன் சாமி. கையைப் புடிச்சிட்டுப் போங்க. பட்டாளத்து லாரிங்க கண்ணு மண்ணு தெரியாம வருது" என்றாள் பூக்காரி.

*

ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் வழி சொன்னார். திருமணிமுத்தாற்றுப் பாலத்தைத் தாண்டி நேராகப் போகச் சொன்னார். "வெயில்ல ரொம்ப தூரம் நடக்கணுமே கண்ணுகளா" என்றார். ஆனால் வண்டியில் ஏறச் சொல்லவில்லை. அவருடைய குதிரையின் விலா எலும்பும் வெளியே தெரிந்தது.

மூவரும் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். பட்டாளத்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அரிசிக் கடை வாசலில் பெண்கள் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கடை பூட்டியிருந்தது. அப்படியும் யாரும் எழுந்து போகவில்லை.

ஒரு கட்டிடத்தின் ஓரமாக ஒருவர் முகம் முழுதும் வேட்டியால் மூடிப் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெயிலில் கிடந்தன. அவற்றின் மேல் ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

"அவரு தூங்கறாரா?" என்று கேட்டான் ரங்கன்.

பாப்பாயி அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்து வேகமாக நடந்தாள்.

மில் வாசலில் பெரிய மீசை வைத்த காவற்காரர் நின்றார்.

"ஏனுங்க, ஜலகண்டாபுரம் மருதாசலம்னு ஒருத்தர் இங்க வேலை செய்யறாருங்க. அவரைக் கூப்பிடறீங்களா? நான் அவரு மகள்" என்றாள் சாரதாமணி.

காவற்காரர் மூவரையும் பார்த்தார். "மருதாசலமா? அப்படி ஆரும் இங்க இல்லியே."

"இருக்காருங்க. ஆடி மாசம் சேர்ந்தாரு. தம்பி பொறந்திருக்கான்னு போன மாசம் லாரிக்காரர்கிட்டச் சொல்லி விட்டோமுங்க. இன்னும் பதில் வரலைங்க."

காவற்காரரின் குரல் தணிந்தது. "கண்ணு, உங்க பக்கத்து நெசவுக்காரங்க தெனமும் வந்து வேலை கேக்கறாங்க. ஒருத்தரையும் சேர்க்கலை. எதுக்கும் குகைங்கற பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்க. வெளியூர்க்காரங்க நெறையப் பேர் அங்க தங்கியிருக்காங்க."

"இது வேற மில்லு. எங்கப்பா இருக்கறது இந்த மில்லு இல்ல" என்றாள் சாரதாமணி.

"இருக்கும்" என்றாள் பாப்பாயி. "எதுக்கும் குகையில கேட்டுட்டு வந்துரலாம்." பிறகு காவற்காரரிடம் வாத்தியாரின் அடையாளத்தைச் சொன்னாள். அவர் வந்தால் குகைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டாள்.

சாரதாமணி இருவரையும் விட்டு முன்னால் நடந்தாள்.

*

குகையிலும் நெசவுத் தெருக்கள்தான். அங்கும் தறிச் சத்தம் இல்லை. ஒரு தெரு முனையில் ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே பெரிய அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கொட்டகை வாசலில் தொடங்கிய வரிசை தெருவின் பாதி வரை நீண்டிருந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சட்டியோ, தகரக் குவளையோ இருந்தது. இவ்வளவு பேர் நின்றும் பேச்சுச் சத்தமே இல்லை.

"கஞ்சி ஊத்தறாங்க" என்று மெதுவாகச் சொன்னான் ரங்கன்.

சாரதாமணி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரிக்கப் போனாள். பாப்பாயி வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. சட்டை இல்லை. கழுத்துக்குக் கீழே இரண்டு குழிகள். கையில் நசுங்கிய தகரக் குவளை. பாப்பாயிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டபோதுதான் தெரிந்தது.

மருதாசல மாமா!

அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பாப்பாயி குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாரதாமணி இன்னும் பார்க்கவில்லை. அவளை வேறு பக்கம் அழைத்துக்கொண்டு போய்விடலாம். மாமாவும் அதைத்தான் விரும்புகிறார். ஆனால் போய்விட்டால், மகன் பிறந்தது அவருக்கு எப்படித் தெரியும்? "அதோ உங்கப்பா!" என்று கத்தினால் அவர் ஓடிவிடுவார். பிறகு என்றைக்கும் ஊருக்கு வரவே மாட்டார்.

அப்போது பாப்பாயியின் வயிறு சத்தம் போட்டது. அவள் நேராக வரிசைக்குப் போனாள்.

"மாமா!" என்று சாதாரணமாக, கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டாள். "எங்களுக்கும் எடம் புடிச்சு வெச்சிருக்கீங்களா? ரொம்பப் பசிக்குதுங்க."

துண்டு அசையவில்லை.

"சாரதா! ரங்கா! இங்க வாங்க. மாமா நமக்கு முன்னாலயே வந்து வரிசையில நின்னுட்டாரு!"

சாரதாமணி ஓடி வந்தாள். பாதி வழியில் அவள் கால்கள் நின்றுவிட்டன. அப்பாவின் முதுகைப் பார்த்தாள். கையிலிருந்த குவளையைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள்.

மருதாசலம் மெதுவாகத் திரும்பினார். துண்டை எடுத்தார். மகளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

சாரதாமணி அழவில்லை. கிட்டே வந்து அவருடைய துண்டின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், என்ன இது? புதுசா மூணு பேரு நடுவுல நொழையறீங்க!" பின்னாலிருந்த பெண் ஒருத்தி கோபமாகக் கேட்டாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தையும் பக்கத்தில் இரண்டு குழந்தைகளும் இருந்தன. "என்ற புள்ளைங்களும் காலையில இருந்து நிக்குது. பின்னால போங்க!"

பாப்பாயி அந்தக் குழந்தைகளைப் பார்த்தாள். அந்தப் பெண் சொல்வது சரிதான்.

"நாங்க கடைசியில போய் நின்னுக்கறோமுங்க" என்றாள்.

"நானும் வாரேன்" என்றார் மருதாசலம். அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

"வேண்டாமுங்க மாமா. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க முறை வந்துருமே."

அவர் கேட்கவில்லை. காலையிலிருந்து நின்ற இடத்தை விட்டு விலகினார். மூவரையும் முன்னே நடக்கவிட்டு, தெருவின் பாதியில் இருந்த வரிசையின் கடைசிக்கு வந்தார்.

*

வரிசை ஊர்ந்தது. சாரதாமணிதான் கேட்டாள்.

"ஏனப்பா பொய் சொன்னீங்க?"

"மில்லுல சேர்த்துக்கலை சாமி" என்றார் மருதாசலம். "இன்னிக்குக் கெடைக்கும், நாளைக்குக் கெடைக்கும்னு பார்த்தேன். சில நாள் செவ்வாய்ப்பேட்டையில மூட்டை தூக்கினேன். இப்ப அதுக்கும் ஆரும் கூப்புடறதில்லை."

"தம்பி பொறந்திருக்கான்."

அவர் குவளையை மார்போடு அழுத்திக்கொண்டார். "எப்போ?"

"ஐப்பசியில. அம்மாவுக்குப் பால் இல்லை. எந்நேரமும் அழுதுட்டே இருக்கான். அம்மா கதவைத் தொறந்து வெச்சிட்டுப் பார்த்துட்டே உக்காந்திருக்குது. ஊட்டுக்கு வாங்கப்பா."

"வெறுங்கையோட எந்த மொகத்தை வெச்சிட்டு வாரது?"

"இந்த மொகத்தோடதான் வரணும்!" சாரதாமணியின் குரல் உடைந்தது. "தம்பி வேற எந்த மொகத்தைப் பாப்பான்?"

ரங்கன் தலையைக் குனிந்து, கால் விரலால் மண்ணைக் கிளறினான். பாப்பாயி அண்டாவைப் பார்த்தாள். ஆவி குறைந்துகொண்டே வந்தது.

அப்போது தெருமுனையில் வாத்தியார் ஓடிவந்தார். குடை மடங்கியிருந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பிள்ளைகளைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார்.

"திட்டணும்னுதான் ஓடியாந்தேன்" என்றார். "ஆனா என்ன சொல்லித் திட்டறது? அந்த மனுசன் ஊட்டுக் கதவையே தொறக்கலை. உங்களைப் பட்டினி போட்டது நாந்தான்." பிறகுதான் மருதாசலத்தைக் கவனித்தார். வரிசையைக் கவனித்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"சார், நீங்களும் எங்க பின்னால நில்லுங்க" என்றாள் பாப்பாயி. "முன்னால மட்டும் வந்துராதீங்க. இங்க வாத்தியார்னு பார்க்க மாட்டாங்க, சத்தம் போடுவாங்க."

வாத்தியார் ஒரு கணம் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு குடையை அக்குளில் செருகிக்கொண்டு, கடைசியில் நின்ற ரங்கனுக்குப் பின்னால் நின்றார்.

அவர்கள் அண்டாவை நெருங்கியபோது, ஊற்றுகிறவர் அதைச் சாய்த்துப் பிடித்திருந்தார். அகப்பை அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. மருதாசலம் குவளையை நீட்டினார். அது நிறைந்தது.

"இதோட சரி" என்றார் ஊற்றுகிறவர். "நாளைக்கு வாங்க."

அவர்களுக்குப் பின்னால், பிறகு வந்த பலர் நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். காலிச் சட்டிகள் ஒன்றோடொன்று இடித்தன. அந்தச் சத்தம் பாப்பாயிக்குப் பல நாள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்து பேரும் ஒரு சுவரோரம் உட்கார்ந்தார்கள். மருதாசலம் குவளையைத் தான் குடிக்காமல் பிள்ளைகளிடம் நீட்டினார். கேழ்வரகுக் கஞ்சி. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. முதலில் ரங்கனிடம் கொடுத்தார்கள். அவன் ஒரே ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் குவளையைப் பாப்பாயியிடம் தந்தான்.

"இன்னொரு மடக்குக் குடிடா" என்றாள் அவள்.

"சேலத்துச் சாப்பாடு சீக்கிரமே வயித்தை அடைச்சிருது" என்றான் ரங்கன். அப்படிச் சொல்லும்போதே அவன் கண்கள் குவளையின் மேல்தான் இருந்தன.

குவளை எல்லோரிடமும் போய்வந்தது. வாத்தியார் உதட்டை நனைத்துக்கொண்டு கொடுத்துவிட்டார். கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சாரதாமணி அதை அப்பாவின் கையில் வைத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை குவளையின் அடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் வாத்தியார். அவர் மருதாசலத்தைப் பார்க்கவில்லை. குடையை விரித்தபடியே சொன்னார்: "நாம அஞ்சு பேரு. எல்லாரும் சேர்ந்தே நடங்க."

மருதாசலம் எழுந்தார்.

*

பஸ் ஜலகண்டாபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஆனால் பல வீடுகளில் மண்ணெண்ணெய் இல்லாததால் தெரு இருட்டாகவே கிடந்தது.

சாரதாமணியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மருதாசலம் தெருவிலேயே நின்றுவிட்டார். உள்ளே குழந்தை அழுதது. சாரதாமணியின் அம்மா வாசலுக்கு வந்தாள். தாடியையும் வெறும் உடம்பையும் நெடுநேரம் பார்த்தாள். அவள் அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று பாப்பாயி நினைத்தாள்.

"ஏன் வெளியில நிக்கறீங்க?" என்றாள் அவள். "பையனைக் கொஞ்ச நேரம் வாங்கிக்குங்க. என்ற கை ஓஞ்சு போச்சு."

அவர் உள்ளே போனார்.

பாப்பாயி தன் வீட்டுக்கு வந்தாள். தம்பி தூங்கிவிட்டிருந்தான். அம்மா அவள் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"சாப்பிட்டயா கண்ணு?"

"சாப்பிட்டேம்மா."

"ஓட்டல்லயா?"

"இல்ல. கஞ்சி" என்றாள் பாப்பாயி. "மருதாசல மாமா வாங்கிக் குடுத்தாரு."